செல்லாக்காசும் செல்லும் சந்தை: டிஸ்னி பின் டிரேடிங்கின் உள்விவரம்

ஹாங்காங் டிஸ்னிலேண்டுக்குள் நுழைந்ததும் கடைப் பணியாளர் சிலரின் கழுத்தில் அகலமான நாடா தொங்குவதைப் பார்க்கலாம். நாடா நெடுக வண்ண வண்ணமாக உலோக பேட்ஜுகள் குத்தியிருக்கும். ஒரு சிறுமி வந்து தன் கையிலிருக்கும் பேட்ஜை நீட்டுகிறாள்; நாடாவில் இருக்கும் டொனால்ட் வாத்தைக் காட்டுகிறாள். பணியாளர் அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, அவள் தந்ததை அதே இடத்தில் குத்திக்கொள்கிறார். பணம் கிடையாது, ரசீது கிடையாது, பேரம் கிடையாது. அந்த பேட்ஜுக்கு ஆங்கிலத்தில் 'பின்' (pin) என்று பெயர்; அரை நிமிடத்தில் முடிந்துவிடும் இந்தக் கைமாற்றுக்குப் பெயர்தான் பின் டிரேடிங்.

சென்னையிலிருந்து போகும் குடும்பங்கள் பெரும்பாலும் இதில் இரண்டு விதமாகத் தவறவிடுகின்றன. விஷயம் தெரியாமல் போய், கடைசி நாளில் பிள்ளை கேட்கும்போது கையில் மாற்ற ஒன்றுமில்லாமல் நிற்பது ஒன்று. கிளம்புவதற்கு முன்பே ஆன்லைனில் ஐம்பது, நூறு பின் கொண்ட மலிவுக் கட்டு ஒன்றை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போவது மற்றொன்று. இரண்டாவதுதான் பெரிய தவறு. அப்படி வரும் கட்டில் இருப்பவை அநேகமாகப் போலிகள். ஆனாலும் பூங்காவில் அவை செல்லும். ஏன் செல்கின்றன, செல்வதால் யாருக்கு நஷ்டம் என்பது புரிந்துவிட்டால் இந்தப் பொழுதுபோக்கே புரிந்த மாதிரி.

பேட்ஜ் மாற்றிக்கொள்ளும் பழக்கம் டிஸ்னி கண்டுபிடித்தது அல்ல. 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் வீரர்களையும் அதிகாரிகளையும் அடையாளம் காண அட்டை வில்லைகளைக் கொடுத்தார்கள். பின்னாளில் அவை உலோகமாகி, நாட்டுக்கு நாடு வீரர்கள் மாற்றிக்கொள்ளும் நினைவுப் பொருளாயின. 1988 கேல்கரி குளிர்கால ஒலிம்பிக்கில் கோகோ கோலா நிறுவனம் பின் மாற்றுவதற்கென்றே தனி மையம் அமைத்தது. பார்வையாளர்களும் வீரர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து மாற்றிக்கொண்டார்கள். அதே பழக்கத்தை 1999 அக்டோபரில், புத்தாயிரம் ஆண்டுக் கொண்டாட்டத்தை ஒட்டி, ஃபுளோரிடாவில் உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டு கையில் எடுத்தது. 2000-ல் கலிஃபோர்னியாவுக்குப் போனது. பிறகு பாரிஸ், ஹாங்காங், ஷாங்காய். டோக்கியோ டிஸ்னியில் மட்டும் பணியாளர்களோடு மாற்றும் வழக்கம் இல்லை. ஜப்பான் பயணத்துக்கு மாற்றுப் பின்களைச் சுமந்துகொண்டு போக வேண்டாம்.

ஒலிம்பிக் பழக்கத்தில் இல்லாத ஒன்றை டிஸ்னி சேர்த்தது. அதுதான் இதன் உயிர். விதிகளுக்கு உட்பட்ட பின்னை யார் நீட்டினாலும் பணியாளர் மறுக்கக் கூடாது. ஒன்றுக்கு ஒன்று, அதற்கு மேல் கணக்கு இல்லை. இதனால் விலை என்ற பேச்சே எழுவதில்லை. பத்து வருடம் சேகரித்தவரும் நேற்று வாங்கிய ஆறு வயதுப் பிள்ளையும் பணியாளர் முன்னால் சமம். கூச்சப்படும் பிள்ளைகூட "இல்லை" என்ற பதில் வராது என்று தெரிந்தால் தைரியமாகப் போய் நிற்கும். இதைவிட அழகான ஒரு பண்டமாற்று விதியைக் குழந்தைகளுக்காக யாரும் எழுதியிருக்க முடியாது.

விதிகள் பூங்காவுக்குப் பூங்கா சிறிது மாறும், அடிப்படை இதுதான். பின் உலோகத்தில் எனாமல் பூசியதாக இருக்க வேண்டும். பின்பக்கத்தில் டிஸ்னியின் காப்புரிமை முத்திரை இருக்க வேண்டும். பிளாஸ்டிக், ரப்பர் பின்கள் செல்லாது. பெயர் பொறித்தவை செல்லாது. புடவைக்குக் குத்தும் புரூச் மாதிரி கொக்கி வைத்தவையும் செல்லாது. பணியாளர் நாடாவில் ஏற்கெனவே இருக்கும் அதே வடிவத்தைக் கொடுக்க முடியாது. ஒரு பணியாளரிடம் ஒரு நாளில் இரண்டு பின் வரை மாற்றலாம், ஒரு தடவைக்கு ஒன்றாக. கொடுக்கும்போது பின்னின் மூடியைப் போட்டே கொடுக்க வேண்டும். ஊசி நீட்டிக்கொண்டிருக்கும் பின்னை யார் கையிலும் வைக்கக் கூடாது. இன்னொன்றைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது: பணியாளரின் நாடாவைத் தொடக் கூடாது. பார்க்கக் கேட்கலாம், விரலால் காட்டலாம், இழுத்துப் பார்க்கக் கூடாது. 2020-ல் பூங்காக்கள் மூடித் திறந்த காலத்தில் நாடாவுக்குப் பதிலாகக் கடைகளில் போர்டு வைத்தார்கள். போர்டு இன்றும் பல கடைகளில் உண்டு. கவுன்டரில் கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள்.

நிறுவனத்துக்கு இதில் என்ன லாபம் என்று கேட்கலாம். அமெரிக்கப் பூங்காக்களில் சாதாரண பின்னின் விலையே சுமார் 10 டாலரில் தொடங்குகிறது. கைமாறும் ஒவ்வொரு பின்னும் எங்கோ ஒரு கடையில் ஒரு தடவை விற்றாக வேண்டும். மாற்றுவது இலவசம் என்பதால்தான் வாங்குவது தொடர்கிறது. பின்களில் வகைகள் உண்டு. எப்போதும் கிடைப்பவை ஓப்பன் எடிஷன். குறிப்பிட்ட காலம் மட்டும் விற்பவை லிமிடெட் ரிலீஸ். எண்ணிக்கையை நிர்ணயித்து அடிப்பவை லிமிடெட் எடிஷன். சேகரிப்பவர்கள் சுருக்கமாக எல்.இ. என்பார்கள், எத்தனை அடித்தார்கள் என்பது பின்பக்கத்திலேயே பொறித்திருக்கும். இவை தவிர ஹிடன் மிக்கி என்றொரு வகை. முகப்பில் எங்காவது ஒரு மூலையில் வெள்ளி நிறத்தில் சின்னதாக மூன்று வட்டம், மிக்கியின் தலை வடிவம். பணியாளர் நாடாவில் மாற்றி மட்டுமே பெற முடியும் என்ற எண்ணத்தில் தொடங்கியவை இவை. நாடாவைப் பார்க்கும்போது கதாபாத்திரத்தைத் தேடாமல் முதலில் இந்த மூன்று வட்டத்தைத் தேடுவது அனுபவசாலிகளின் வழக்கம்.

மிஸ்டரி பாக்ஸ் என்று விற்கும் மூடிய டப்பாவைப் பற்றி ஒரு கணக்கு சொல்ல வேண்டும். ஒரு தொடரில் 10 வடிவம், டப்பாவுக்கு 2 பின், உள்ளே எது என்று தெரியாது என்று வைத்துக்கொள்வோம். பத்தும் சம அளவில் கலந்திருந்தால், டப்பா வாங்கியே முழுத் தொடரையும் சேர்க்கச் சராசரியாக 29 பின் வாங்க வேண்டும், அதாவது ஏறக்குறைய 15 டப்பா. கடைசியாக விட்டுப்போன ஒரே ஒரு வடிவத்துக்காக மட்டும் சராசரியாக 10 பின் செலவாகும். ஆனால் 10 பின்னோடு நிறுத்திக்கொண்டால்? சராசரியாக ஆறு ஏழு வடிவம் கைக்கு வந்திருக்கும். மூன்று நான்கு டபுள் இருக்கும். விட்டுப்போனவையும் மூன்று நான்குதான். டபுளைக் கொடுத்து விட்டுப்போனதை வாங்க இன்னொருவர் கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது. எனவே ஐந்து டப்பாவுக்கு மேல் வாங்காதீர்கள். சில தொடர்களில் சேஸர் என்று ஒன்றைக் குறைவான எண்ணிக்கையில் கலந்திருப்பார்கள்; அதைத் துரத்தி டப்பா வாங்குவது பணத்தைக் கடலில் கொட்டுவது.

போலிகள் எங்கிருந்து வருகின்றன

சேகரிப்பவர்கள் போலிப் பின்னுக்கு வைத்திருக்கும் பெயர் ஸ்கிராப்பர். தரச் சோதனையில் கழித்துக் கட்டிய பின்கள் உருக்குவதற்குப் போகாமல் வெளியே வந்துவிடுவது அந்தப் பெயரின் மூலம். இன்று அந்தச் சொல் மூன்று வகையையும் சேர்த்துக் குறிக்கிறது: கழிவில் வந்தவை, ஒப்பந்தத்துக்கு மேல் அதே அச்சில் திருட்டுத்தனமாக அடித்தவை, அசல் பின் ஒன்றைப் பார்த்துப் புதிதாக அச்சு வெட்டி அடித்தவை. மூன்றாவது வகையில் நுணுக்கம் மழுங்கியிருக்கும், கண்டுபிடிப்பது சுலபம். இரண்டாவது வகையில் அச்சு அசலேதான். பூச்சிலும் மெருகிலும் மட்டுமே வித்தியாசம் இருக்கும், நிபுணர்களே திணறுவார்கள்.

இப்போது அந்த அழகான விதியை மறுபடி நினைத்துப் பாருங்கள். பணியாளர் மறுக்கக் கூடாது. முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பார், அவ்வளவுதான். வரிசையில் பிள்ளைகள் நிற்கும்போது லென்ஸ் வைத்துச் சோதிக்க அவருக்கு நேரமும் இல்லை, அது அவர் வேலையும் இல்லை. மலிவில் வாங்கிய போலி ஒன்றை நீட்டினால் 10 டாலர் அசல் கைக்கு வந்துவிடும். அசலை யாராவது திருப்பி மாற்றக் கொடுப்பார்களா? வைத்துக்கொள்வார்கள். போலி மட்டும் நாடாவிலிருந்து நாடாவுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும். மதிப்புக் குறைந்த நாணயம் நல்ல நாணயத்தைப் புழக்கத்திலிருந்து விரட்டிவிடும் என்ற கிரெஷாம் விதி பொருளாதாரப் பாடத்தில் படித்ததுதான். இங்கே அதைக் கண்ணால் பார்க்கலாம். அமெரிக்கப் பூங்காக்களின் நாடாக்களில் போலிகள் மலிந்து கிடப்பது இதனால்தான்.

பெரியவர்கள் சிலர், "பணியாளரே வாங்கிக்கொள்கிறார், பிறகென்ன?" என்று கேட்பதுண்டு. நீங்கள் கொடுத்த செல்லாக்காசு பணியாளர் கையில் நிற்பதில்லை. அடுத்த பத்து நிமிடத்தில், தன் உண்டியல் காசில் வாங்கிய அசல் பின்னைக் கொடுத்து ஒரு பிள்ளை அதை ஆசையோடு வாங்கிப் போகும். நஷ்டம் அந்தப் பிள்ளையுடையது. தெரிந்தே போலியை மாற்றுவது திருட்டுதான்; அதற்கு வேறு பெயர் வைக்க முடியாது. மாற்றுவதற்கு மலிவாக அசல் பின் வேண்டுமென்றால் பூங்காவிலேயே நாடாவோடு சேர்த்து விற்கும் ஸ்டார்ட்டர் செட், அல்லது ஐந்தாறு பின் சேர்ந்த செட் வாங்கலாம். செட் விலையை எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தால் தனிப் பின்னைவிடக் குறைவாக வரும். ஹாங்காங்கில் விற்பனை வரி கிடையாது. அட்டையில் போட்ட விலைதான் விலை. அமெரிக்காவில் பில் போடும்போது வரி தனியாக ஏறும்.

பின்னைத் திருப்பிப் பாருங்கள்

ஒரு பின்னைக் கையில் வாங்கியதும் முகத்தைப் பார்க்கத்தான் மனம் போகும். முதலில் எடையைப் பாருங்கள். ஒரே அளவுள்ள இரண்டு பின்களை இரண்டு உள்ளங்கையிலும் வைத்தால், மெலிந்த தகட்டில் அடித்தது பாட்டில் மூடி மாதிரி லேசாகத் தெரியும். பிறகு விளிம்பைச் சுற்றி நகத்தை ஓட்டுங்கள். அசலில் விளிம்பு மெருகேறி வழவழப்பாக இருக்கும். போலியில் நகம் ஆங்காங்கே தட்டும். சில இடத்தில் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும். அடிக்கும்போது பிதுங்கிய உலோகத்தை உரசி எடுக்காமல் விட்டதால் வருவது அது.

அடுத்து செல்போன் டார்ச்சை மேலிருந்து அடிக்காமல் பக்கவாட்டில், பின்னுக்கு ஏறக்குறையப் படுத்த நிலையில் பிடியுங்கள். இப்போது எனாமலின் மேற்பரப்பு ஒரு நிலம் மாதிரி தெரியும். குழிகள் இருந்தால் நிழல் விழும். ஒரு நிறம் கோட்டைத் தாண்டிப் பக்கத்து அறையில் வழிந்திருந்தால் தெரியும். மிக்கியின் கண்ணில் வெள்ளை முழுதாக நிரம்பாமல் ஓரத்தில் உலோகம் எட்டிப் பார்த்தால் சந்தேகம் உறுதியாகிறது. நிறமே மாறியிருப்பதும் உண்டு. ஸ்டிச் என்ற கதாபாத்திரத்தின் நீலம் ஊதாவாக இருக்கும். ரசிகர்கள் தொகுத்த ஆன்லைன் பட்டியல்களில் அந்தப் பின்னின் படத்தை எடுத்து ஒப்பிட்டால் நிறக் குற்றம் உடனே பிடிபடும்.

இதில் ஓர் எச்சரிக்கை. சாஃப்ட் எனாமல் வகையில் வண்ணம் உலோகக் கோட்டைவிடத் தாழ்ந்து நிற்பது இயல்பு. விரலால் தடவினால் மேடு பள்ளம் தெரியும். ஹார்டு எனாமலில் வண்ணத்தை நிரப்பிச் சூடேற்றிக் கோட்டோடு சமமாகத் தேய்த்து மெருகேற்றுவார்கள், தடவினால் கண்ணாடி. ஆகவே பள்ளம் எல்லாம் போலிக் குறி அல்ல. சீரான பள்ளம் செய்முறை. அம்மைத் தழும்பு மாதிரி அங்கங்கே தெரியும் குழிதான் குற்றம்.

கடைசியாகப் பின்பக்கம். தீர்ப்பு பெரும்பாலும் இங்கேதான். பிற்காலப் பின்கள் பலவற்றில் பின்பக்கம் முழுக்கச் சின்னச் சின்ன மிக்கி தலைகள் பொறித்த கோலம் இருக்கும். அசலில் அந்தக் கோலம் விளிம்பு வரை ஓடி, ஓரத்தில் பாதித் தலையாக வெட்டுப்பட்டு நிற்கும். பல போலிகளில் விளிம்பைச் சுற்றி வரப்பு மாதிரி ஒரு கரை இருக்கும். கோலம் அதற்குள் அடங்கிவிடும். எழுத்துகளையும் படியுங்கள். காப்புரிமை வரி மங்கியோ எழுத்து அடைந்தோ இருந்தால் அச்சிலிருந்து அச்சு எடுத்த பின் அது. ஊசிக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னக் குமிழ்களையும் கவனியுங்கள். பின் சுழலாமல் துணியைப் பிடிப்பதற்கானவை அவை. அசலில் கூராக நிற்கும், போலியில் தேய்ந்த மொட்டாக இருக்கும். இருந்தாலும், பழைய பின்களில் மிக்கி கோலமே கிடையாது. கோலம் இல்லை என்பதற்காக ஒன்றைத் தூக்கி எறிய வேண்டாம். ஒரே ஒரு குறியை வைத்து முடிவு கட்டாதீர்கள். எடை, விளிம்பு, எனாமல், பின்பக்கம் நான்கில் இரண்டு சறுக்கினால் ஒதுக்கி வையுங்கள்.

பணியாளர்களோடு மாற்றுவது வேறு, பூங்காவுக்கு வரும் மற்ற சேகரிப்பாளர்களோடு மாற்றுவது வேறு. பெரிய பையைத் திறந்து பெஞ்சில் பரப்பி உட்கார்ந்திருப்பவர்களைப் பல பூங்காக்களில் பார்க்கலாம். அங்கே மறுக்கும் உரிமை இரு தரப்புக்கும் உண்டு. ஒன்றுக்கு இரண்டு, மூன்று என்று கேட்கவும் கேட்பார்கள். பலர் பொறுமையாகச் சொல்லிக் கொடுக்கும் நல்ல மனிதர்கள். ஆனால் பிள்ளையின் கையில் எல்.இ. இருப்பதைப் பார்த்துவிட்டு மூன்று சாதாரணப் பின்னை நீட்டுபவர்களும் உண்டு. மூன்று என்றதும் பிள்ளைக்குக் கண் விரியும். அப்பா அம்மா பக்கத்தில் நின்று, பின்பக்கத்தைத் திருப்பி எண்ணிக்கையைப் பார்த்த பிறகே தலையாட்டட்டும். இந்தப் பெஞ்சுக் கூட்டம் வளர்ந்துவிட்டதால் கலிஃபோர்னியா டிஸ்னிலேண்ட் 2024-ல் பையின் அளவுக்கும் உட்காரும் இடத்துக்கும் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

இரண்டு நாள் பயணத்துக்கு இருபது பின் தாராளம். விமானத்தில் கைப்பையிலேயே கொண்டுபோகலாம். எக்ஸ்ரேயில் உலோகக் குவியலாகத் தெரியும் என்பதால் லேப்டாப் மாதிரி தனியாக எடுத்துத் தட்டில் வைத்துவிட்டால் சோதனையில் தாமதம் இருக்காது. ரோலர் கோஸ்டரிலும் தண்ணீர் ரைடுகளிலும் நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஏறக் கூடாது. பின் தொலைவதற்கு முதல் காரணம் போலியோ திருட்டோ அல்ல, மூடி கழன்று விழுவதுதான். பின்னோடு வரும் மிக்கி வடிவ ரப்பர் மூடி போட எளிது, கழலவும் எளிது. மாற்றுவதற்கான பின்களில் அது இருக்கட்டும். உங்கள் சொத்தாக வைத்துக்கொள்ளும் பின்னை வெளியே குத்திக்கொள்வதானால் லாக்கிங் மூடி போடுங்கள்.

சென்னைக் காற்றும் உலோகமும்

ஊருக்குக் கொண்டுவந்த பிறகுதான் உண்மையான சோதனை. திருவான்மியூரிலும் பெசன்ட் நகரிலும் ஜன்னல் கம்பியைத் தின்னும் உப்புக் காற்று பின்னை மட்டும் விட்டுவைக்குமா? அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலத்தில் ஈரமும் சேர்ந்துகொள்ளும். ஒவ்வொரு பின்னிலும் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். இறுக ஒட்டினால் உள்ளே இரும்பு. முலாம் கீறிய இடத்தில் துரு கிளம்பும். ஒட்டாவிட்டால் பித்தளையோ துத்தநாகக் கலவையோ; பித்தளையில் பச்சைக் களிம்பு பூக்கும். ஊசி பற்ற வைத்த அடிப்பாகமே முதலில் கெடும் இடம், ஏனென்றால் ரப்பர் மூடிக்குள் வியர்வையும் ஈரமும் தங்கிவிடுகின்றன. சேமித்து வைக்கும்போது ரப்பர் மூடியை எடுத்துவிட்டு உலோக மூடி போடுவது இதற்காகத்தான். வெயில் காலத்தில் ரப்பர் பிசுபிசுத்துப் பின்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும் தொல்லையும் தீரும்.

களிம்பைப் பார்த்ததும் குத்துவிளக்கு மாதிரி புளி போட்டோ பித்தளைப் பொடி போட்டோ தேய்த்துவிடாதீர்கள். பின்னின் மேல் இருப்பது மெல்லிய முலாம். ஒரே தேய்ப்பில் போய்விடும், அடியிலிருக்கும் உலோகம் வெளியே வந்து இன்னும் வேகமாகக் கறுக்கும். நெயில் பாலிஷ் ரிமூவர் சாஃப்ட் எனாமலையும் மேலே ஊற்றிய எப்பாக்ஸியையும் கரைத்துவிடும். லேசாக நனைத்த பருத்தித் துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி, ஃபேன் காற்றில் அரை மணி நேரம் காயவிடுவது போதும்.

கார்க் போர்டில் குத்திச் சுவரில் மாட்டுவதானால் மழைத்தண்ணீர் ஓதம் ஏறும் வெளிச்சுவரில் மாட்ட வேண்டாம். வெயில் நேராக விழும் சுவரும் வேண்டாம். சிவப்பும் இளஞ்சிவப்பும் முதலில் வெளிறும். பின்களைக் குத்திவைக்கும் பக்கங்கள் கொண்ட பை வைத்திருப்பவர்கள் இரண்டு பக்கங்களுக்கு நடுவே மெல்லிய ஃபோம் தாள் ஒன்றை வையுங்கள், இல்லாவிட்டால் ஒரு பக்கத்தின் ஊசி எதிர்ப்பக்கத்துப் பின்னின் முகத்தைக் கீறும். மலிவான பி.வி.சி. உறைகள் நாளாக நாளாக எண்ணெய் கசிந்து ஒட்டும். மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையிலான மூடிய பெட்டி லேசான அமில ஆவியை விடும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைப்பதே இந்த ஊருக்கு ஏற்றது. அந்த ஜெலின் நீல மணி இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் நிரம்பிவிட்டது என்று அர்த்தம். அதில் கோபால்ட் குளோரைடு என்ற நச்சுப் பொருள் இருப்பதால் சமையல் வாணலியில் போட்டு வறுக்கக் கூடாது. ஆரஞ்சு நிற மணி கிடைத்தால் அதை வாங்குங்கள்.

தபாலில் மாற்றிக்கொள்பவர்களும் இப்போது உண்டு. முகம், பின்பக்கம், விளிம்பு மூன்றுக்கும் படம், கூடவே தேதி எழுதிய துண்டுத்தாள், இவை இல்லாமல் சம்மதிக்காதீர்கள். பின்னைத் தடித்த அட்டையில் குத்தி மூடி போட்டு, இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து டேப் ஒட்டிச் சின்னப் பெட்டியில் அனுப்புங்கள். வெறும் கவரில் போட்டால் முத்திரை குத்தும்போது ஊசி வளைந்துவிடும். பதிவுத் தபால் 2025-ல் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைந்துவிட்டதால் உள்நாட்டில் ஸ்பீட் போஸ்ட்தான் வழி. வெளிநாட்டு நண்பர் பார்சலில் "பரிசு" என்று எழுதிவிட்டால் வரி இருக்காது என்று நம்ப வேண்டாம். அந்தச் சலுகையை 2019 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள், ராக்கி போன்ற சில விலக்குகள் மட்டுமே மிச்சம்.

சென்னையிலேயே ஏன் இது இல்லை என்ற கேள்வி நியாயமானது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் விஜிபி, எம்ஜிஎம், பூந்தமல்லிப் பக்கம் குயின்ஸ்லேண்ட், இப்போது திருப்போரூர் அருகே வொண்டர்லா என்று பூங்காக்களுக்குக் குறைவில்லை. மாற்று வழக்கம் வேரூன்ற மூன்று வேண்டும்: மாற்றத் தயாராக நிற்கும் பணியாளர், வருடம் முழுக்கப் புதுப்புது வடிவம், திரும்பத் திரும்ப வரும் கூட்டம். முதல் இரண்டையும் நிர்வாகம் நினைத்தால் செய்ய முடியும். மூன்றாவதுதான் கடினம், நம் ஊரில் பூங்கா என்பது வருடத்துக்கு ஒரு தடவை, பள்ளிச் சுற்றுலாவோடு போய் வரும் இடமாக இருக்கிறது. ஆகவே இங்கே பின் பழக்கம் பூங்கா வழியாக வராமல், 2024 பிப்ரவரியில் நந்தம்பாக்கம் டிரேட் சென்டரில் முதன்முதலாக நடந்த காமிக் கான் என்ற காமிக்ஸ் ரசிகர் திருவிழா போன்ற கூடல்கள் வழியாக வளர வாய்ப்பு அதிகம். டிஸ்னியும் 2025 மே மாதம் அபுதாபியில் தன் ஏழாவது தீம் பார்க் ரிசார்ட்டை அறிவித்திருக்கிறது. அது திறந்தால் சென்னையிலிருந்து ஏறக்குறைய நான்கு மணி நேரப் பறப்பு.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. பள்ளிகளுக்கு ஹவுஸ் கேப்டன் பேட்ஜ் அடித்துக் கொடுப்பவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள், அதே தொழில்நுட்பம்தான். மெரினா கலங்கரை விளக்கம், சென்ட்ரல் மணிக்கூண்டு, மின்சார ரயில், டபரா செட் என்று நண்பர்கள் சேர்ந்து ஒரு தொடர் அடிக்கலாம். டிஸ்னிப் பணியாளரிடம் அது செல்லாது, ஆனால் பெஞ்சில் உட்காரும் வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களுக்கு இன்னொரு மிக்கியைவிட அது அபூர்வம். மிக்கிக்கு வேட்டி கட்டி அடிக்கும் ஆசை வரும். அடுத்தவர் காப்புரிமை, அதைத் தொடாதீர்கள். அச்சு வெட்டும் கூலி ஒரு தடவைச் செலவு என்பதால் 20 பின் அடித்தால் ஒன்றின் அடக்கவிலை கடிக்கும். 100 அடித்தால் பாதிக்கும் கீழே இறங்கும். அளவு ஒன்றேகால் அங்குலத்துக்குக் குறைந்தால் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும், தகடு 1.5 மில்லிமீட்டர் கேளுங்கள். இரண்டு ஊசி வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கலங்கரை விளக்கம் சட்டையில் சாய்ந்து நிற்கும். இந்தக் கடலோர ஊருக்கு இரும்பு வேண்டாம், பித்தளை. ஆண்டையும் மொத்தம் எத்தனை அடித்தீர்கள் என்பதையும் பின்பக்கத்தில் பொறிக்கச் சொல்லி, மாதிரி வரைபடத்திலேயே அதைச் சரிபாருங்கள். அச்சு வெட்டிய பிறகு சேர்க்க முடியாது.